சிவப்புப் புள்ளி வைத்த இயர்போன்

எங்கள் மேல்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஓவியர். பழைய வாக்மேன், எம்பி3 பிளேயர்களை எல்லாம் வரையப் போகிறேன் என்று, போன வாரம் ரம்யாவின் பிளேயரை வாங்கிப் போனார்.

ரம்யா என் மனைவி. அவள் இறந்துபோன பிறகு அதை நான் தொட்டதே இல்லை.

இன்று படத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். படத்தில், நான் சொல்லியிருந்த மாதிரியே பஸ் சீட்டில் பிளேயர், பக்கத்தில் இயர்போன். ஒரு பக்கத்து இயர்போனில் ரம்யா நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளியைக்கூட விடவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. "அக்கா, சார்ஜர் போடுற ஓட்டை கீழ இருக்கணும்" என்றேன்.

"அடப்பாவி! நீ அழுவேன்னு கர்ச்சீப்போட நிக்கறேன், நீ பக் ரிப்போர்ட் குடுக்குற!"

சிரித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா தம்பி, சார்ஜ் போட்டுக் கேட்டேன். புள்ளி வெச்ச பக்கம் பாட்டே வரலியே. எப்பலேர்ந்து ரிப்பேரு?"

லிங்கராஜபுரம் பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் மாட்டிப் பாட்டுக் கேட்போம். ரம்யா எப்போதும் அந்தப் பக்கத்தைத்தான் மாட்டிக்கொள்வாள். நான் எடுக்கப் போனால், "இது என்னுது" என்று கையில் அடிப்பாள்.

நடுவில், "பாட்டு முடிஞ்சிருச்சா?" என்று கேட்பாள்.

"காதுல போட்டுட்டு என்னைக் கேக்குறியா?" என்று கிண்டல் செய்வேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஆளுக்குப் பாதிப் பாட்டு என்று நினைத்திருந்தேன். முழுப் பாட்டையும் எனக்கே கொடுத்திருக்கிறாள்.

ஸ்டெல்லா அக்காவிடம் நன்றி சொல்லிவிட்டேன். இன்னொருத்திக்குத்தான் பாக்கி.

இயர்போனைப் பங்கு போட்டுக் கேட்பவர்கள் இன்றைக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடி வாங்கினால் கமென்ட்டில் சொல்லுங்கள்.