திராட்சை மலையில் செலின் அக்கா

பர்மாவில், யாங்கோனை அடுத்த தன்லியினில் எங்கள் தெருவில் செலின் அக்கா காதுபட யாரும் சாராயப் பேச்சு எடுக்க மாட்டோம். எடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவள் புருஷன் சிங்கராயர் குடித்தே செத்தார். அடக்கத்தன்று ஒரே மகன் டேவிட்டைப் பெட்டிமேல் கைவைக்கச் சொல்லி, "ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்னு அப்பா மேல சத்தியம் பண்ணு" என்றாள். அவனும் பண்ணினான். எங்களுக்கெல்லாம் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அவளிடம் யார் சொல்வது?

யாங்கோனில் வேலை அகப்படாமல் டேவிட் ஷான் மலையில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனான். தின்கிற பழம் என்று நினைத்து அக்காவும் சந்தோஷமாக அனுப்பினாள். வருஷம் தாண்டியபின், அங்கே ஒயின் பிழிகிறார்கள் என்று யாரோ சொன்னதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"குடிக்கிறானா இல்லையான்னு என் கண்ணால பாக்கணும். குடிச்சான்னா இழுத்துட்டு வந்துடுவேன். நீயும் வா ரெபேக்கா" என்றாள். துணைக்குப் போனேன். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். இறங்கி இறங்கி அடையாள அட்டையைக் காட்டினோம். அவள் ஜெபமாலையைக் கீழே வைக்கவே இல்லை.

சின்னத் தோட்டம்தான். சரிவு முழுக்கக் கம்பியில் படர்ந்த கொடிகள். தலைப்பாகை கட்டிய பவோ மலையினப் பெண்கள் குலைகளை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகாக இருக்கிறது என்று சொல்ல வந்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். டேவிட் வெயிலில் கறுத்து, கையெல்லாம் கறையோடு ஓடிவந்தான். அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சாக்கில் வாயை மோந்தும் பார்த்தாள்.

"நான் கொடி வெட்றவன்மா. ருசி பாக்கறது வேற ஆளு" என்று அவன் சிரித்தான். அவள் நம்பவில்லை.

மறுநாள் ஞாயிறு, அறுவடைக்கு நன்றிப் பூசை. அந்தத் தோட்டத்து ஒயின்தான் பீடத்தில் இருந்தது. அன்று ஒருநாள் மட்டும் நன்மை அப்பத்தோடு ஒயின் கிண்ணத்தையும் எல்லோருக்கும் கொடுப்பது அந்தக் கோயில் வழக்கமாம். அக்கா பக்தியோடு ஒரு மிடறு வாங்கினாள். பூசையில் ஆண்டவருடைய இரத்தமாகிவிட்ட ஒயினைச் சாராயக் கணக்கில் அவள் ஒருநாளும் சேர்த்ததில்லை. பின்னால் வந்த டேவிட் நன்மை வாங்கினான். கிண்ணத்துக்குத் தலைவணங்கிவிட்டு, வாங்காமலே நகர்ந்தான்.

அக்கா நின்றுவிட்டாள். "ஏண்டா?"

"ஒரு சொட்டுகூடன்னு சத்தியம் வாங்கினியேம்மா. போன வருஷமும் நான் வாங்கலை."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மகன் குடிக்கிறானா என்று பார்க்க அவ்வளவு தூரம் வந்தவள், கோயிலில் எல்லோரும் பார்க்க அவன் கையைப் பிடித்துச் சாமியார் முன்னால் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஆண்டவரையே உனக்கு இல்லாம பண்ணிட்டேனே, பாவி நான். வாங்கிக்க."

"அப்பா மேல பண்ணின சத்தியம்மா."

"உங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். குடி தம்பி."

அவன் ஆமென் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கினான்.