வாலில் கட்டிய கயிறு

அரசாங்கம் தோட்டத் தமிழர்களான எங்கள் ஓட்டுரிமையைப் பறித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பெரிய துரையின் சிநேகிதன் ஒருத்தன், வெள்ளைக்காரன், சின்ன விமானமொன்றை ஓட்டிவந்து எங்கள் பந்து மைதானத்தில் இறக்கிவிட்டான். இறக்கிவிட்டான் சரி, மறுநாள் கிளப்ப வேண்டுமே.

விமானம் தரையில் வேகமாக ஓடினால்தான் காற்று இறக்கையைத் தூக்கும். மலையில் காற்று லேசு என்பதால் இன்னும் வேகம் வேண்டும். மைதானமோ சின்னது, அதன் முடிவில் பெரும் பள்ளம். அதனால் வாலில் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும், எஞ்சின் முழு வேகத்துக்கு வந்ததும் வெள்ளைக்காரன் கையைக் கீழே இறக்குவான், அப்போது எல்லோரும் ஒன்றாக விட்டுவிட வேண்டும் என்று கங்காணி சொன்னார். மாடுகளைக் கட்டியிருக்கலாம். மாடு செத்தால் நஷ்டம் என்று எங்கள் ஆட்களைப் பிடித்தார்கள்.

தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மைதான ஓரத்தில் கத்திகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் என் புருஷனும் ஒருத்தர்.

"ஏண்டி, ஒம் புருசன் பறக்கப் போறாரு. கொழும்புல எறங்குனா ஒரு சீலை வாங்கியாரச் சொல்லு" என்றாள், மைதானத்தை ஒட்டிய நிரையில் என் பக்கத்தில் கொழுந்து பறித்தவள்.

நானும் சிரித்தேன். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் அவர் கையைப் பார்த்தேன்.

ஓடையிலிருந்து மரம் இழுக்கும்போது எங்கள் ஆட்கள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார்கள். ஈரக் கயிறு வழுக்கினால் மரம் உருண்டு பின்னால் இருப்பவனை நசுக்கிவிடும். கயிற்றை விடவே கூடாது, அதுதான் அந்த வேலை. அவர் கடைசி ஆள். பழக்கத்தில் நன்றாகச் சுற்றி இறுக்கியிருந்தார். மற்ற ஐந்து பேரும் விட்டதும் அந்த இழுப்பெல்லாம் அவர் ஒரு கையில்தான் விழும். விமானம் அவரைப் பள்ளம் வரைக்கும் தேய்த்துக்கொண்டே போகும்.

கூடையை எறிந்துவிட்டு ஓடினேன்.

"ஏங்க! கயித்த அவுருங்க!"

அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெள்ளைக்காரன் கையைத் தூக்கியாகிவிட்டது. ஒரு கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அவருக்கு முன்னால் கயிற்றில் ஓங்கிப் போட்டேன். முதல் வெட்டில் அறுபடவில்லை. கை கீழே இறங்கியது. இரண்டாவது வெட்டில் அறுந்தது. அவர் மல்லாந்து விழுந்தார்.

விமானம் மிச்சக் கயிறு ஆட ஓடி, மைதான முடிவில் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தது. வெள்ளைக்காரன் செத்தால் பழி என் தலையில்தான், நாங்கள் குடியிருந்த லயத்தைவிட்டே துரத்துவார்கள் என்று நினைத்தேன். அப்புறம் விமானம் எதிர்மலை மரங்களுக்கு மேலே எழும்பியது.

கங்காணி ஓடிவந்தார். "கழுத, ஒன்னய யாரு வெட்டச் சொன்னா?"

"கயித்தத்தானே வெட்டுனேன். வேற எதயாச்சும் வெட்டணுமா?" என்றேன், கத்தியைக் கீழே போடாமல்.

புருஷனுக்கும் கோபம். ஆட்கள் முன்னால் மானம் போய்விட்டதாம். "அவரு கையக் காட்டுனா நான் விட்டிருக்க மாட்டேனா?"

"இப்ப விடுங்க பாப்போம்."

கையை உதறினார். கயிறு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வரவில்லை. அப்புறம் கையை என்னிடம் நீட்டினார். கத்தி நுனியால் நெம்பி நெம்பி நான் அதைக் கழற்றி முடித்தபோது விமானத்தின் சத்தமே அடங்கிப் போயிருந்தது.