செவ்வாயைத் தின்ற செம்பருத்தி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் தென்காசி வீட்டில் அப்பளம் நமத்துப்போகும், தீப்பெட்டி நமத்துப்போகும், துவைத்துப்போட்ட துணி நாலு நாளைக்குக் காயாமல் நாறும். அப்படிப்பட்ட மாதம் பார்த்துத்தான் பூவையும் இலையையும் காயவைத்துப் பாட்டிலில் ஒட்டி விளக்கு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புத்தி உள்ளவள் பங்குனியில் ஆரம்பித்திருப்பாள்.

எல்லாம் ஒரு வீடியோ செய்த வேலை. வெயிலடிக்கும் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண் வெள்ளை மேசை முன்னால் உட்கார்ந்து, காலி ஜாம் பாட்டிலில் பசை தடவி, காய்ந்த பூக்களை ஒட்டி, உள்ளே ஒரு குட்டி மெழுகுவத்தியை ஏற்றினாள். ஏழே நிமிடம். அந்த ஏழு நிமிடமும் அவள் வீட்டில் யாரும் காப்பி கேட்கவில்லை. மாமியார் இருமவில்லை. குக்கர் விசில் அடிக்கவில்லை. எனக்கு அந்த விளக்கைவிட அந்த வீட்டின் மேல்தான் ஆசை வந்தது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. சீசனுக்கு வருகிறவர்கள் நேந்திரங்காய் சிப்ஸோடு என் விளக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஜாம் பாட்டில் ஏது? ஊறுகாய் பாட்டில்தான். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவியும் உள்ளே மெழுகுவத்தி சூடேறியதும் எலுமிச்சை ஊறுகாய் மணத்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது விளக்கா, தொட்டுக்கவா?" என்று கேட்டார். அவருக்கு அன்று ராத்திரி தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வைக்கவில்லை.

ஐந்தருவி போகிற வழியில் மதில் சுவர்களில் ஒரு பெரணி முளைத்திருக்கும். புறங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் வெள்ளையாக இலை அச்சு விழும். அதைப் பறித்து வந்தேன். வாசலில் செம்பருத்தி இருந்தது. காயவைப்பதுதான் பாடு. கனமான புத்தகத்துக்குள் வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். மூன்றாம் நாள் திறந்தால் பூவைக் காணோம், பச்சையாகப் பூசணம் இருந்தது. செய்தித்தாளில் வைத்துப் பார்த்தேன். மை ஒட்டிக்கொண்டு, இதழில் ஒரு தலைவரின் மூக்கும் மீசையும் பதிந்துவிட்டன. கட்சிக்காரர்களைத் தவிர யார் அதை வாங்குவார்கள்?

ஈரத்தை உறிஞ்சுகிற பழைய மட்டித்தாளைத் தேடி வீட்டைப் புரட்டியபோதுதான் பீரோவின் மேல்தட்டில் அந்த நோட்டு கிடைத்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய, தடித்த தாள் நோட்டு. என் நாத்தனாரின் ஜாதகம்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, காரணம் செவ்வாய் தோஷம். வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜி தின்பார்கள், பெண் லட்சணம் என்பார்கள், நோட்டைத் திறப்பார்கள், கைகழுவிக்கொண்டு போவார்கள். தோஷம் விலக வேண்டும் என்று என் மாமியார் செவ்வாய்க்கிழமைதோறும் பண்பொழி மலைக்கோயிலுக்குப் படியேறிக்கொண்டிருந்தார். நோட்டை ஜெராக்ஸ் எடுக்கவோ போனில் படம் பிடிக்கவோ விடமாட்டார். "படம் எடுத்தா தோஷம் ரெண்டாயிரும்" என்பது அத்தையின் விஞ்ஞானம். அதனால் அந்த ஜாதகத்துக்கு உலகத்தில் ஒரே பிரதிதான்.

ஜாதகம் நோட்டில் முதல் ஐந்தாறு பக்கம்தான். மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள். நான் ஒன்றும் அவ்வளவு மட்டி இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் இலையை வைத்தேன். அடடா, என்ன தாள் அது. நாலே நாளில் பெரணி மொறுமொறுவென்று காய்ந்தது.

அப்போதுதான் அந்தச் செங்கோட்டை வரன் வந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்க்கிறவன். அவனுக்கும் செவ்வாய் தோஷம். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "செவ்வாய்க்குச் செவ்வாய் கிடைக்கது குதிரைக்கொம்புல்லா. முருகன் கண்ணைத் தொறந்துட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாப்பிள்ளையின் தகுதிகளில் தோஷத்தைத் தவிர வேறு எதையும் யாரும் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று என் விளக்குகளில் தேறிய மூன்றை முன்னறையில் வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டுல சாவு, துஷ்டின்னு ஏதும் நடந்துச்சா? காஞ்ச பூவை வச்சு விளக்கு ஏத்தியிருக்கீகளே" என்றார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் இரண்டு பூ காய்ந்திருக்கும். மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி நாத்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "வேலையை எப்ப விடுவீங்க?" அவன் திரும்பிப் போய்விடுவானாம். இவள் செங்கோட்டையில் அவன் அம்மாவோடு இருக்க வேண்டுமாம். அதையும் அவன் அம்மாதான் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் செம்பருத்தி இதழ்களைப் பரத்திக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மதினி, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். அண்ணன்ட்ட நீங்க சொல்லுங்க."

"எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான்ட்டி இருக்கும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தேனா என்றால், இல்லை. ஒரு இதழ் மடங்கிக்கொண்டே இருந்தது.

"வேலையை விடச் சொல்லுதாக மதினி."

"போகப் போகச் சரியாயிரும். அந்தப் பூவை இங்கன தள்ளு."

அவள் தள்ளினாள். நான் நோட்டை மூடிக் குழவியை மேலே ஏற்றினேன். சோறு கொதித்து வழிந்தது, ஓடினேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஜோசியரோடு வந்தார்கள். பொருத்தத்தைப் பார்த்து அன்றே தேதி குறிப்பதாக ஏற்பாடு. காலையிலேயே குழவிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்காமல், துடைத்து பீரோவில் வைத்துவிட்டேன். அத்தை அதை மஞ்சள் குங்குமத்தோடு தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார். ஜோசியர் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு செம்பருத்தி அழகாகப் படுத்திருந்தது. எடுத்தார். ராசிக்கட்டம் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு குளம். மைப்பேனாவால் எழுதிய எழுத்தெல்லாம் அதில் கரைந்து போயிருந்தது. லக்கினம் இல்லை, செவ்வாய் இல்லை, மேலே எழுதியிருந்த பிறந்த நேரமும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் வைத்தேனே, நோட்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேனா?

"பொறந்த நேரத்தைச் சொல்லுங்கம்மா, போன்லயே கட்டம் போட்டுருவோம்" என்றார் ஜோசியர்.

"சாயங்காலம். பால்காரன் வந்துட்டுப் போயிட்டான்" என்றார் அத்தை.

"காலையிலல்லா? நான் அன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலையே" என்றார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடம் போகாத நாள் மட்டும் அவருக்கு மறக்காது.

"பால்காரன் காலையிலயும் வருவானே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஜோசியர் இரண்டு நேரத்தையும் போட்டுப் பார்த்தார். செவ்வாய், பாவம், இருந்த இடத்திலேயே இருந்தார். லக்கினம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. "காலையில பொறந்திருந்தா தோஷம் உண்டு. சாயங்காலம்னா சுத்த ஜாதகம். எதுன்னு உறுதியாத் தெரியாம, முன்னால யாரோ தோஷம்னு சொன்னாகன்னு நான் கையை வைக்க மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துகொண்டார். "சுத்த ஜாதகம் எங்களுக்கு ஆகாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி எங்க தலையில விழும்."

பத்து வருடம் படியேறி எந்தத் தோஷம் விலக வேண்டும் என்று அத்தை வேண்டினாரோ, அது விலகிய அன்று தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "என் மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி. உன் பாட்டில்ல கொள்ளி வைக்க." ஒரு வருடம். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதைதான், கூடவே நான் கொண்டுவந்து வைக்கிற காப்பி. பாட்டில்களைப் பழைய சாமான் எடுக்கிற ஆக்கருக்குப் போட்டேன். ஒன்றை மட்டும் போட மனம் வரவில்லை. அந்தச் செம்பருத்தியை அதில் ஒட்டியிருந்தேன். சாயம் முழுவதையும் ஜாதகம் குடித்துவிட்டதால் இதழ் சல்லாத்துணியாக மெலிந்து நரம்பு மட்டும் நின்றது. நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். அதை ஏற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வருடம் நாத்தனார் பரீட்சை எழுதி, வெளியூரில் அரசுப் பள்ளியில் வேலை வாங்கினாள். கிளம்புகிற அன்று பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவள் அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்தாள்.

"இதை நான் கொண்டு போகட்டா மதினி?"

"அதை ஏன் கேக்க? அதாலதானே உனக்கு இவ்வளவும்."

அவள் பாட்டிலை ஒரு பழைய துண்டில் சுற்றினாள். "நீங்க கடைசிப் பக்கத்துலதான் வச்சீக. சரியாத்தான் வச்சீக. நான்தான் எடுத்து முன்னால வச்சேன். சாயம் நல்லா இறங்கட்டும்னு ரெண்டு சொட்டுத் தண்ணியும் விட்டேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஒரு வருஷமா நான் வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாட்டி?"

"சொன்னேனே மதினி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க பூவை இங்கன தள்ளச் சொன்னீக."

பெட்டியை மூடினாள். ஆட்டோ வந்து நின்றது, அத்தை வாசலில் திருநீறோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினேன். வெட்கமாக இருந்தது.

மறு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். அத்தை வழக்கம்போலத் தொடங்கினார். காப்பியை வைத்துவிட்டு, அந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக நான் பதில் சொன்னேன்.

"ஆமா அத்தை. அன்னைக்கு நான் சரியாக் கவனிக்கல."