எண்பதில் வரும் சத்தம்

வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது அது முதலில் உள்ளங்காலில்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, பிக்கப்பின் தரையில் வெறுங்காலைப் பதித்து உட்கார்ந்திருந்தால், காலுக்கடியில் ஒரு குறுகுறுப்பு கிளம்பி, முழங்காலுக்கு ஏறி, சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கும் தட்டைக் கிலுகிலுக்க வைத்து, கடைசியில் பல்லில் வந்து நிற்கும். அதற்குள் வண்டி முழுக்க ஒரு "ங்ங்" என்ற சத்தம் நிறைந்துவிடும். தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். ஆனால் தங்கா பத்து என்ற ஊருக்குப் போகும் சாலையில் தொண்ணூற்றைந்தில் போக அப்பாவுக்கே பயம்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா நாங்கள் குடியிருந்த பாச்சாங்கிலிருந்து தினமும் காலையில் நான்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, பின்னால் குழாய்களைக் கட்டிக்கொண்டு, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் குழாய் வேலைக்குப் போவார். அந்தப் பிக்கப்பை அவருக்கு விலைக்குக் கொடுத்தது என் சித்தப்பா. தோட்டத்து லயத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி இருவரும். "தம்பி ஓட்டுன வண்டி, இதுல என்னத்த பாக்கிறது" என்று அப்பா அதை எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் கொண்டுபோகாமல், சாவியை வாங்கிக்கொண்டு வந்தவர். இரண்டு மாதம் அது தேர் மாதிரி ஓடியது. பிறகுதான் இந்தச் சத்தம்.

அப்பா பல வருஷம் இரைச்சலுக்குள்ளேயே வேலை செய்தவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போவார். "சுதா, எத்தனையில வருது?" என்று கேட்பார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "எழுபத்தாறு, இன்னும் இல்ல. எழுபத்தொம்பது, லேசா. எண்பத்திரண்டு, வந்திருச்சுப்பா" என்று சொல்வேன். உடனே அவர் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைச் சும்மா உருளவிடுவார். இஞ்சின் அடங்கும், ஆனால் குறுகுறுப்பு அப்படியே இருக்கும். "அப்ப இஞ்சின் இல்ல" என்பார். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார். சக்கரங்களைச் சமன் செய்து ஈயம் ஒட்டிக் கொண்டுவந்தார். பின்னால் சிமெண்டு மூட்டை ஏற்றி ஓட்டினார், இறக்கிவிட்டு ஓட்டினார். எண்பதில் அது தவறாமல் வந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை, வீட்டில் யாருக்கும் இல்லாத உத்தியோகம் எனக்கு.

வீட்டில் அம்மா சத்தத்தை வேறு மாதிரி கேட்டாள். அதற்கு முந்தைய வருஷம் அதே சாலையில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் காலையில் மோட்டார் சைக்கிளில் போனார், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அப்பா வீடு திரும்பும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. வண்டி வந்த புதிதில் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் ஒரு செப்புத் தகடு எழுதி வாங்கி வந்தாள். மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்த பூசாரி, "கண்ணுல படாத எடத்துல வைம்மா. வச்சத வாய விட்டுச் சொல்லிராத, சொன்னா பலிக்காது" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் காட்டியபோது அவர் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். "எலுமிச்சம்பழம், மிளகா, தகடு, ஒண்ணும் என் வண்டியில தொங்கக் கூடாது. பிரேக்க நம்பித்தான் நான் ஓட்டுறேன்." அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அதை எடுத்தது நான். சொல்லிவிடுகிறேன், இனியும் சுற்றி வளைப்பதில் என்ன இருக்கிறது. வண்டி வந்த இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம், அப்பா தூங்கும்போது, தகட்டை எட்டாக மடித்து, மஞ்சள் துணியோடு எடுத்துக்கொண்டு பிக்கப்புக்கு அடியில் ஊர்ந்து போனேன். கண்ணில் படாத இடம் என்று பூசாரி சொன்னதற்கு அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? முன்னாலிருந்து பின்னால்வரை நடுவில் தடித்த குழாய் ஒன்று நீண்டிருந்தது. வண்டியைத் தாங்கி நிற்பதே அதுதான் என்று நினைத்தேன். குழாய்க்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் குழாயில் ஒன்றைக் கட்டச் சொல்லித் தரவேண்டுமா? அப்பாவின் பெட்டியிலிருந்து, ரப்பர் குழாயை இறுக்கும் இரும்புக் கிளிப்புகள் மூன்றை எடுத்து, பொட்டலத்தின் மேல் போட்டு, திருப்புளியால் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். என் கை எட்டிய பக்கம் ஒன்றுதான் என்பதால் மூன்றின் திருகுகளும் ஒரே பக்கமாய் அமைந்தன. அப்பா இனிமேல் சாகமாட்டார் என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

தகடு காணாமல் போனது அம்மாவுக்கு மறுநாளே தெரிந்தது. அப்பா தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை, ஆனால் அவருக்குச் சோறு போடும்போது தட்டு தரையில் விழுவதுபோல் இறங்கியது. சத்தம் தொடங்கிய பிறகு, "நான் என்ன சொன்னாலும் யாரு கேக்குறா" என்று மட்டும் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். இருவருக்கும் நடுவில் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் பலிக்காது, பலிக்காவிட்டால் அப்பா திரும்பி வரமாட்டார் என்ற கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது.

சில வாரங்களில் இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. வண்டியை எடுக்கும்போது அடியில் "டக்" என்று ஒன்று. ஏறிவந்த ஆட்களே முகத்தைச் சுளிக்கத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பாச்சாங்கில் மணியம் அண்ணனிடம் போனார். அவர் போர்மேன், எங்கள் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம், அதிகம் பேசாத மனிதர். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் நிற்கவைத்து, அப்பாவைக் கியர் போட்டு மிதிக்கச் சொன்னார். நான் ஓரமாகக் குந்தி, குனிந்து பார்த்தேன்.

அந்தக் குழாய் சுற்றியது.

முதலில் மெதுவாக, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். வண்டியைத் தாங்கி நிற்பது என்று நான் நினைத்த குழாய், இஞ்சினின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட். நான் கட்டிய பொட்டலமும் அதோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டர் எண்பதுக்கு வந்ததும் முட்டுக்கட்டைகள் நடுங்கின. பாதத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தது என் கைவேலையைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

மணியம் அண்ணன் இஞ்சினை நிறுத்தச் சொல்லி, டார்ச்சோடு உள்ளே போனார். சேறும் கிரீஸும் அப்பித் துணி கறுத்துப் போயிருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தவை கிளிப்புகள் மட்டும்தான்.

"அண்ணே, இத பாருங்க. ஷாஃப்ட்டுல கிளிப்பு போட்டு வச்சிருக்காங்க. ஷாஃப்ட்டு கோணலா இருந்தா, எடைய சமன் பண்ண இப்படிப் போடுவாங்க. கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் ஜாயிண்ட்டும் ஆடிப்போகும், இப்ப ஆடுற மாதிரி."

"யாரு போட்டிருப்பா?" என்றார் அப்பா.

"முன்னாடி வச்சிருந்தவங்கதான்லா. விக்கறதுக்கு முன்னாடி. நீங்க கழட்டிராதீங்க, இன்னும் மோசமாகும். வேற ஷாஃப்ட்டு கெடச்சா சொல்றேன். அதுவரைக்கும் ஆள ஏத்தாதீங்க. ஓட்டத்துல ஜாயிண்ட்டு விட்டுச்சுன்னா வண்டியப் பொரட்டிப் போட்ரும்."

மணியம் அண்ணன் மேல் இன்றுவரை எனக்குக் கோபமில்லை. அவர் தொழிலில் கிளிப்புக்கு அதுதான் அர்த்தம். பத்து வயதுப் பெண் அப்பாவைக் காப்பாற்றக் கட்டியது என்று எந்தப் போர்மேன் யோசிப்பார்? அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அது கல்லாகியிருந்தது.

அங்கிருந்து நேராகத் தங்கா பத்துக்கு, சித்தப்பா வீட்டுக்கு. எண்பது வந்தது, குறுகுறுப்பு ஏறியது, அப்பா எண்ணைக் கேட்கவில்லை. சித்தப்பா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சித்தி சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்க மாமா, தே கலக்கறேன்" என்று உள்ளே போனாள். சித்தப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கிளிப்பு போட்டு என் தலையில கட்டிட்டியாடா?" என்றார் அப்பா.

"என்ன கிளிப்புண்ணே?"

"நாலு பேர ஏத்திக்கிட்டுப் போறேன் தெனம். என் பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போறேன். சாகட்டும்னுதான் குடுத்தியா? ஒரே தட்டுல தின்னவன் நீ. திருடன்டா நீ."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். சித்தி தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சித்தப்பா கோபப்படவில்லை, அவருக்கு அது வரவே வராது. "இருங்கண்ணே, பாக்கறேன்" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். நானும் மறுபக்கம் போய்க் குந்தினேன். அவர் முதல் கிளிப்பைக் கழற்றினார், இரண்டாவதைக் கழற்றினார், மூன்றாவதையும். கறுத்த துணியை விரலால் தேய்த்தபோது உள்ளே மஞ்சள் தெரிந்தது. துணியைப் பிரித்தார், தகடு மின்னியது. அப்படியே தலையைத் திருப்பி வண்டிக்கடியிலிருந்து என்னைப் பார்த்தார். என் முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா குடுத்ததா?" என்று கிசுகிசுத்தார்.

"அம்மாவுக்குத் தெரியாது. நான்தான்" என்றேன்.

அவர் துணியையும் தகட்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பேசாம இரு பாப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மூன்று கிளிப்புகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நான்தாண்ணே போட்டேன். ஒரு சத்தம் இருந்துச்சு, சரி பண்ணிப் பாத்தேன். ஒங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

ஒரு வாரம் திட்டிவிட்டு அண்ணன் மறந்துவிடுவார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே நடந்திருக்கிறது. அப்பா கிளிப்புகளை வாங்கவில்லை. வண்டியில் ஏறினார். திரும்பும் வழியில் எண்பது வந்தது, எண்பத்தைந்து வந்தது, காலுக்கடியில் தரை சும்மா இருந்தது. "கழட்டத் தெரிஞ்சவனுக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியல" என்றார் அப்பா. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

ஆடிப்போன ஜாயிண்ட்டை மணியம் அண்ணன் மாற்றிக் கொடுத்தார், வண்டி பல வருஷம் ஓடியது. அண்ணன் தம்பி பேச்சு மட்டும் அன்றோடு நின்றது. தீபாவளிக்கு அவர் வரவில்லை, இவர் போகவில்லை. பெரியவளானதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், பெரியவளானதும் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் சித்தி இறந்தபோது அப்பா போனார். வீட்டுக்குள் நுழையாமல், சாலையில் போட்டிருந்த கூடாரத்தில் வந்தவர்களோடு நின்றுவிட்டுத் திரும்பினார். அன்றும் நான் வாயைத் திறந்தேன், மூடினேன்.

போன மாதம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு என் காரில் அழைத்துப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். எண்பதில் ஸ்டியரிங் லேசாக உதறியது. டயர்தான், பல நாளாகச் சமன் செய்யவில்லை. அப்பா உள்ளங்கையை முன்பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சுதா, எத்தனையில வருது?" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்காத கேள்வி. நான் ஓரமாக நிறுத்தினேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

"வண்டியத் திருப்பு" என்றார் அப்பா.

சித்தப்பா வீட்டு வேலி இப்போது சுவராகியிருக்கிறது. கேட்டைத் திறந்த சித்தப்பா எங்களைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. அப்பா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் சித்தியின் படம், மாலையோடு.

"இவதான் கட்டுனாளாமே" என்றார் அப்பா.

"சின்னப் பிள்ளைண்ணே. நீங்க இருந்த கோவத்துல அடிச்சிருப்பீங்க."

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "சித்திக்காவது சொன்னீங்களா?"

அவர் படத்தைப் பார்த்தார். "சொன்னா அவ சும்மா இருப்பாளா? நேரா ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பா. ஏங்க அப்படிச் செஞ்சீங்கன்னு ஒருதடவ கேட்டா. புத்தி கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். அப்புறம் கேக்கல."

பிக்கப் கைமாறிக் கைமாறி எங்கே போனதோ தெரியாது. மணியம் அண்ணனின் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. தங்கா பத்து சாலையை அகலமாக்கிவிட்டார்கள். சித்தி தன் கணவர் நாலு பேர் உயிரோடு விளையாடியவர் என்று நம்பிக்கொண்டே போய்விட்டாள், அதை நான் யாரிடம் போய்த் திருத்துவது?

அன்று இருட்டுவதற்கு முன் கிளம்பினோம். எண்பதில் கார் உதறியது. அப்பா எண்ணைக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு அவ தே கலக்கிக்கிட்டு வந்தா" என்றார். "நான் குடிக்காம வந்துட்டேன்."