இரணியல் கேட்டில் நான் பாடிய வரி

கல் வெட்டுகிறவர் மூன்றாவது வரியில் உளியை வைப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாக எனக்கு இதே நினைப்புதான். சோறு இறங்கவில்லை. பொதுவாகவே நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால், பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

நான் மாடு பத்தியவன். ஏழாம் வகுப்பை முடிக்காமல் இந்த வேலைக்குப் போனேன். ஆரல்வாய்மொழியில் இறங்கும் மாடுகளைப் புதுக்கடைச் சந்தை வரைக்கும் ரோட்டு வழியாக நடத்திக்கொண்டு போய் விடவேண்டும். நாற்பது மாட்டுக்கு இரண்டு ஆள். ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால். இப்போது மாடுகள் லாரியில் போகின்றன. அவற்றுக்கு நாங்கள் பாடிய பாட்டு மட்டும் போகாமல் இங்கேயே நின்றுவிட்டது.

நாலே வரிதான்.

ஆரல்வாய்க் காத்தடிக்கும் ஆடி நிக்காதே
தோவாளை பூ மணக்கும் தின்னப் பாக்காதே
இரணியல் வந்தாக்கா என்னைப் பாக்காதே
புதுக்கடை போய்ச்சேந்தா பின்னால் பாக்காதே

இதை நாங்கள் ஒருநாளும் முழுசாகப் பாடியதில்லை. ஒவ்வொரு வரியையும் அதற்குரிய இடத்தில்தான் பாட வேண்டும். தோவாளை வரியை வில்லுக்குறியில் பாடினால் மாடு குழம்பி நின்றுவிடும் என்பார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. ஓரிடத்தில் ஒரு வரியைப் பாடிவிட்டால், அடுத்த தடவையும் அங்கே அதைப் பாடியே ஆகவேண்டும். விட்டுவிட்டால் மாட்டுக்கு ஏதாவது வந்துவிடும். என்ன வரும் என்று யாரும் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அதில் பயம் அதிகம்.

ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்யும் பெண் வந்து இந்தப் பாட்டைப் போனில் பிடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அதற்குக் கால் முளைத்துவிட்டது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளைகள் காகிதக் கொம்பு வைத்து ஆடினார்கள். சர்ச் வாலிபர் சங்கம் கீபோர்டு போட்டுப் பாடியது. எங்கள் தெரு ஆட்டோக்காரருக்குப் போன் வந்தால் ‘பின்னால் பாக்காதே’ என்று கத்துகிறது.

கடைசியில் எங்கள் ஊர் வாசகசாலை, பாட்டைக் கல்லில் வெட்டி இரணியல் பக்கத்து ரயில்வே கேட்டுக்கு அருகில் நாட்டுவதென்று தீர்மானித்தது. அப்போதுதான் மூன்றாவது வரியில் வருகிற ‘என்னை’ யார் என்ற சண்டை தொடங்கியது. வாசகசாலைச் செயலாளர் ரிட்டயர்டு வாத்தியார். அது இரணியல் அரண்மனையில் ஒளிந்திருந்த ராஜா, பாட்டுக்கு முந்நூறு வயது என்றார். அதில்லை, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு முதல்முதலில் புத்தகப்பையோடு போன ஆள் வெட்கத்தில் பாடியது என்றார் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். பாட்டே மலையாளக் கரையிலிருந்து வந்தது என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் இருந்தது.

அந்த ‘என்னை’ நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலையில் வெள்ளரிக்காயும் மோரும் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. கேட்டு அடைத்திருந்தது. ஒரு ரயில் போயும் திறக்கவில்லை, இன்னொன்று வரவேண்டுமாம். கேட்டு அடைத்திருக்கும்போது மாட்டை விட்டு ஆள் நகரக் கூடாது. வயிறு கேட்கவில்லை, வேலியோரம் நின்ற பூவரச மரத்து மூட்டில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இருந்துவிட்டேன். ஒற்றைக்கொம்பு மாடு ஒன்று திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு மாடு பார்த்தால் எல்லா மாடும் பார்க்கும். நாற்பது மாடு, எண்பது கண். எழுந்திருக்கவும் வழியில்லை. வாயில் வந்ததைப் பாடினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாற்பதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

முன்னால் நின்ற கூட்டாளிக்கு அது கேட்டுவிட்டது. அடுத்த நடையில் அதே இடம் வந்ததும், “லேய் மக்கா, பாடிட்டியா? பாடு” என்றான். சட்டம் சட்டம்தானே. வேலை நிற்கும் வரை பாடினோம். எங்களுக்குப் பின்னால் மாடு பத்த வந்த செட்டுகளும் பிடித்துக்கொண்டன.

கல் வெட்டப்போகிறார்கள் என்றதும் இதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“ஒருத்தரும் உங்ககிட்ட கேக்கலல்லா? பின்ன எதுக்கு வாயத் தொறக்கணும்?”

“கல்லுல பொய்ய வெட்டினா நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சுக் கேஸ் போட்டுட்டாம்னா?”

“ஆரு போடுவா? அந்த மாடா?”

அவளுக்கென்ன. கோர்ட்டில் ஏறி நிற்கப்போவது நான் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கார்டையும் ஆதாரையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசகசாலைக் கூட்டத்துக்குப் போனேன். ராஜா கட்சியும் புத்தகப்பை கட்சியும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளரிக்காயைக்கூட விடவில்லை.

கூட்டத்துக்கு அந்த ஆராய்ச்சிப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் நோட்டைத் திறந்து, “மோர் எத்தனை டம்ளர் ஐயா?” என்று கேட்டாள்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஓய், முந்நூறு வருசத்துப் பாட்டுக்க நடுவுல கொண்டு போயி இருந்துட்டு வந்திருக்கீரே!”

“மன்னிக்கணும் சார். அவசரம்.”

“சாட்சி உண்டா?” என்று ஆர்மோனியக்காரர் கேட்டார். முதல்தடவையாக இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டன. ராஜாவும் போய், புத்தகப்பையும் போய், பூவரச மூட்டில் நான் மட்டும் மிஞ்சுவதில் யாருக்கும் சம்மதமில்லை.

சாட்சி என் கூட்டாளிதான். இப்போது மகள் வீட்டில் இருக்கிறான். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேசை நடுவில் வைத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப்பக்கம் ஒரே சிரிப்பு.

“லேய் மக்கா, அது நான் கட்டின வரில்லா?”

“நீயா? எப்பம்?”

“நீ வந்து சேருததுக்கு முன்னால. அதே கேட்டு, அதே பூவரசு.”

“உனக்கென்ன, மோரா?”

“சக்கப்பழம். பாதிப் பழத்த ஒத்தைக்குத் தின்னேன்.”

“பின்ன ஏம்லே அடுத்த நடையில என்னையப் பாடச் சொன்ன?”

“வெக்கத்துல நான் பெறகு அத வாய்விட்டுப் பாடல்ல. நீயும் அதையே பாடினியா, எனக்கே பயமாப் போச்சு. இனி இதை விடப்படாதுன்னு தோணிச்சு.” பிறகு சொன்னான்: “ஒண்ணு சொல்லட்டா? எனக்கும் சந்தேகம் உண்டும். எனக்கு முன்னால பத்தின பெரியவரும் அந்த மூட்டுக்குப் போகும்போ என்னத்தையோ பாட்டா மூளிக்கிட்டேதான் போவாரு.”

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரியவருக்கும் முன்னால் ராஜாவே இருந்திருக்கலாம் என்றார். ‘இயற்றியவர் அறியப்படவில்லை’ என்று பாட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்க்க முடிவானது. எனக்குத் தேங்காய் பன்னும் டீயும் தந்தார்கள்.

கேஸ் பயம் போய்விட்டது. ஆனாலும் அந்த டீ இறங்கவில்லை. இத்தனை வருஷம் குற்றம் என்று நினைத்துச் சுமந்ததில் பாதி பெருமையாகத்தான் இருந்திருக்கிறது. உலகத்தில் நான் உண்டாக்கியது என்று அந்த ஒரு வரிதான் இருந்தது. அதுவும் சந்தேகத்துக்குப் போய்விட்டது. நான் கட்டினேனா, முன்னால் நடந்தவன் முனகியது காதில் விழுந்து கிடந்ததா? எத்தனையோ நாள் படுத்துக்கிடந்து யோசித்துவிட்டேன். மாடுகள் திரும்பியது மட்டும்தான் உறுதியாகத் தெரிகிறது.

கல்லை அந்தப் பூவரசுக்குப் பக்கத்திலேயே, ரோட்டைப் பார்த்து நாட்டிவிட்டார்கள். போன மாதம் புதுக்கடைக்கு பஸ்ஸில் போனபோது கேட்டு அடைத்திருந்தது. முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் ஒருவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவசரமாகக் கல்லுக்குப் பின்னால் போனார். தோளும் தலையும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தன. பஸ் முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பாட ஆரம்பித்தார். ரயில் சத்தத்தில் என்ன வரி என்று எனக்குக் கேட்கவில்லை.

ஆனாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.