கழுத்துக்குள் ஒரு துண்டு

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் தம்பி, தம்பிக்கு மட்டும் கேட்கும் ஒரு மனிதர். அவருக்குக் கிரிக்கெட் வர்ணனையாளரின் குரலாம். தம்பி பல் விளக்கினால் "இப்ப பல் விளக்கிறார்" என்பார். சாப்பிட்டால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார். என் சமையலைப் பற்றி அவர் சொல்வதைத் தம்பி மரியாதை கருதி என்னிடம் சொல்வதில்லை. தனக்குள் சிரித்துக்கொள்வான்.

நான் மாவட்டச் செயலகமான கச்சேரியில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். எந்தக் கடிதம் எந்த மேசையில் உறங்கும் என்று இன்றைக்கும் சொல்வேன். இப்போது நாங்கள் இருக்கும் நெடுங்கேணியில் அந்த அறிவுக்கு ஒரு வேலையும் இல்லை. பின்னேரமானால் என்னோடு கதைக்க ஆளில்லை. தம்பி அவரோடு கதைக்கும்போது அவனுடைய பாதி எனக்குக் கேட்கும். மறுபாதியை நானே நிரப்பிக்கொள்வேன். பொழுது போகும்.

கிளினிக்கில் டொக்டர் ஒருநாள் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னா. என் மகளாக இருக்கக்கூடிய வயது அவவுக்கு. இப்படிக் குரல் கேட்கும் வருத்தம் உள்ளவர்களின் மூளையைக் காந்த மெசினுக்குள் வைத்துப் படம் எடுக்கிறார்களாம். அவர்களிடமும் கூடப் பிறந்தவர்களிடமும் உமிழ்நீர் வாங்கி மரபணுவையும் பார்க்கிறார்களாம்.

"அவர் படத்தில விழுவாரோ?" என்று தம்பி கேட்டான்.

"பாப்பம்," என்றா.

பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். கச்சேரியில் நானே எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல். தம்பிக்கு அது விளங்கவில்லை. படம் எடுக்கும் நாளுக்குப் போட வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டான்.

"அவர் இருக்கிறதை நீங்களும் ஒருக்காப் பாக்கவேணும், அக்கா. பிறகு என்னை விசரன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

புளியங்குளம் போய் வடக்கே போகும் பஸ் பிடித்தோம். வழி முழுக்கத் தம்பியும் அவரும் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆராய்ச்சி நடக்கும் ஆஸ்பத்திரியில் தந்த சம்மதப் பத்திரத்தை நான் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். இதற்கு முன் யாரும் அப்படி வாசித்ததில்லை என்பது தாதியின் முகத்தில் தெரிந்தது.

படம் எடுப்பவர் அறைக் கதவடியில் தம்பியை மறித்தார்.

"ஐயா, உடம்புக்குள்ள இரும்பு, சன்னம், வெடிச்ச செல்லின்ர துண்டு ஏதும் கிடக்கோ?"

"ஒண்டும் இல்லை."

அந்தப் பதிலை அவனுக்குப் பழக்கியது நான். சண்டை முடிந்து முகாமுக்குள் போன வரிசையில், கழுத்துத் தழும்பைக் கேட்டால் மரத்திலிருந்து விழுந்தது என்று சொல், உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல் என அவன் காதில் ஓதிக்கொண்டே நடந்தேன். காயக்காரரை, சண்டை பிடித்தவர்கள் என்று சந்தேகப்பட்டு, ஆமிக்காரர் வேறு பக்கம் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், இதுதான் பதில். கேட்பவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் வாய் சோதனைச் சாவடியில்தான் நிற்கிறது.

கதவு திறந்தது. உள்ளே மெசின் உறுமிக்கொண்டிருந்தது. தம்பி செருப்பைக் கழற்றினான். அந்தக் கேள்வி எதற்கென்று நான் பத்திரத்தில் வாசித்திருந்தேன். அந்தக் காயத்தைக் கழுவிக் கட்டியவளும் நான்தான்.

"கிடக்கு," என்றேன். "கழுத்துக்குள்ள, வலப்பக்கம்."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் பயறளவு வெள்ளைப் பொட்டு.

"இவரை உள்ள விடேலாது, அம்மா. காந்தம் இழுத்தால் கதை முடிஞ்சுது."

தம்பி செருப்பைத் திரும்பப் போட்டான். "காட்டிக் குடுத்திட்டீங்கள்," என்றான். சத்தம் போடவில்லை.

ஆராய்ச்சிக்காக அங்கே வந்திருந்த எங்கள் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டா. "கவலைப்படாதேங்கோ அம்மா. எடுத்திருந்தாலும் அவர் நினைக்கிற மாதிரி ஒண்டும் தெரிஞ்சிராது. கனபேரின்ர படங்களைச் சேர்த்துப் பாத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒராளின்ர படத்தை வச்சு, இதாலதான் இவருக்கு வந்தது எண்டு சொல்லேலாது."

"மரபணு?"

"அதுவும் அப்பிடித்தான்."

கச்சேரியிலும் அப்படித்தான். மாவட்டத்தைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். எதிரே நிற்கிற ஆளைத் தெரியாது. இருந்தாலும் அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னா. நாங்கள் அந்தளவுக்குப் போனதில்லை.

உமிழ்நீர் மட்டும் கொடுத்தோம். தம்பி உடனே துப்பினான். எனக்கு வாய் வறண்டுபோய் நேரமெடுத்தது. அவனிடம் இருப்பதில் பாதியளவு என்னிடமும் இருக்குமாம். எந்தப் பாதி என்று கேட்டேன். டொக்டர் சிரித்தா.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி வேறு சீட்டில் போய் இருந்தான். வாய் அசையவில்லை. பளை தாண்டியதும் எழுந்து அவனருகே போனேன். இத்தனை காலத்தில் முதல்தரமாகக் கேட்டேன்.

"அவர் என்ன சொல்றார்?"

"உங்களுக்கு முன்னால இனிக் கதைக்க வேண்டாமாம்."

சொன்னபடியே செய்கிறான். இப்போதெல்லாம் வீட்டு வளவின் கோடிக்குப் போய், வேலியைப் பார்த்து நின்று கதைக்கிறான். சமைத்துக்கொண்டு நிற்கும்போது குசினி யன்னலால் அவன் கை அசைவது தெரியும். சத்தம் வராது. முடித்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்பான். கொடுப்பேன்.

"என்ன கதை நடந்தது?" என்று கேட்டால், கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொல்வான்:

"ஒண்டும் இல்லை."