அட்டைப்படத்தில் டூ லெட் போர்டு

எங்கள் முதல் ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. வெள்ளிக்கிழமை என்றால் ஊரில் இருக்கிற எல்லாச் சில்லறைக் குழுக்களும் ஆல்பம் விடும். கேட்கத்தான் ஆள் இருக்காது. எங்கள் குழுவில் மூன்று பேர். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற சேலத்துக்காரனும் பேஸ் கிட்டார் வாசிப்பவனும் ஐ.டி.யில் வேலை பார்த்தார்கள். எனக்கு டிரம்ஸ்தான் வேலை.

ஒத்திகை, பதிவு எல்லாம் ஆஸ்டின் டவுனில் நான் வாடகைக்கு இருந்த கீழ்வீட்டில். முன்பக்கம் ஓனரம்மாவின் தையல் கடை. அங்கே மோட்டார் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் நான் என்ன அடித்தாலும் அவருக்கு உறைக்காது. மேல்வீடு காலி. அதனால் காலையிலிருந்து கடை மூடும் வரை அடிக்கலாம். டிரம்ஸ் என்று சொன்னதும் கதவைச் சாத்திய ஓனர்கள் இந்த ஊரில் எனக்கு ஏராளம். மேல்வீட்டுக்கு ஆள் வந்தால் இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது, நானும் கிடையாது.

அட்டைப்படத்தைப் பாடகன் எடுத்தான். வீட்டின் முகப்பு, சாய்ந்த வெயில், பச்சை பால்கனி. பால்கனியில் டூ லெட் போர்டு, அதில் ஓனரம்மாவின் போன் நம்பர். மூன்று முட்டாள்கள் இரண்டு வாரம் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆல்பம் பெயரை மஞ்சளில் போடுவதா வெள்ளையில் போடுவதா என்று சண்டை போட்டோம். நம்பர் ஒருவன் கண்ணிலும் படவில்லை.

சனிக்கிழமை காலை ஓனரம்மா கழுத்தில் இன்ச் டேப்போடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, ரெண்டு மாசமா போர்டு தொங்குது, ஒருத்தன் கூப்புடல. நேத்துலேர்ந்து போன கீழ வைக்க முடியல. கன்னடத்துல ஒருத்தன், இந்தியில ஒருத்தன். எங்க பாத்தீங்கன்னா, பாட்டுல பாத்தேங்கறான். என்னப்பா பண்ண நீ?"

ஆல்பத்தின் கீழே வந்திருந்த கமெண்டுகளைப் பார்த்தேன். காவேரித் தண்ணியா, போர்வெல் தண்ணியா? பேச்சிலருக்குக் குடுப்பாங்களா? பைக் நிறுத்த இடம் இருக்கா? ஒரே ஒருவன் இசையைப் பற்றி எழுதியிருந்தான்: "பாட்டு பரவால்ல. பால்கனி சூப்பர்."

பாடகனுக்குப் போன் போட்டேன்.

"படத்த மாத்துடா."

"எதுக்கு மச்சி? இவ்ளோ பேரு நம்மள கேட்டதே இல்ல."

"கேக்கலடா, வீடு பாக்குறானுங்க!"

"பாக்குற நேரத்துல பாட்டு ஓடுதில்ல?"

இவனிடம் பேசிப் பயனில்லை என்று ஸ்டூலைப் போட்டு போர்டைக் கழற்ற ஏறினேன். கடைக்குள்ளிருந்து ஓனரம்மா கத்தினார்: "கை வெக்காதப்பா! ராசியான போர்டு அது!"

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடிப்பேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று பால்கனியைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனது. ஒரு தாடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். மத்தியானத்துக்குள் ஐந்து பேரைத் துரத்திவிட்டேன். என் வாசிப்புக்கு இவ்வளவு பலன் கிடைத்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஊர் திருவண்ணாமலை. நான் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அவர் ஓடவில்லை. என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, இது உங்க ஆல்பத்துல மூணாவது பாட்டு தானே? நடுவுல நிறுத்திட்டு திரும்ப அடிப்பீங்களே, அது செமயா இருக்கும்ணா."

அந்த இடத்தை நான் ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தேன். என்னோடு வாசித்த இரண்டு கழுதைகளுக்கும்கூட அது தெரியாது. எனக்கு மூளை கழன்றுவிட்டது. தண்ணி நல்ல தண்ணி என்றேன், காற்று நன்றாக வரும் என்றேன். அடுத்த வாரம் அவருடைய கட்டிலையும் பீரோவையும் நானே மேலே தூக்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் அடி அடித்தேன். அவர் கலைந்த தலையோடு இறங்கி வந்தார்.

"அண்ணா, எனக்கு நைட் டியூட்டி. பகல்லதான் தூங்கணும். நைட்ல நான் இருக்க மாட்டேன், நீங்க தாராளமா வாசிங்க."

ராத்திரியில் வாசித்தால் தெருவே திரண்டு வந்து உதைக்கும். டிரம்ஸுக்கு உறை போட்டு மூலையில் தள்ளினேன். இரண்டாவது ஆல்பத்தைக் கிட்டார்களை வைத்து ஒப்பேற்றினார்கள். நான் ஒரு காலி சூட்கேஸை விரலால் தட்டினேன், அதுவும் மெதுவாக. வரவிருக்கும் ஆல்பங்களைப் பற்றி எழுதும் இணையதளம் ஒன்று எங்கள் குழு முதிர்ச்சியடைந்துவிட்டதாகப் பாராட்டியது. பாடகன் அதை எனக்கு நான்கு முறை அனுப்பினான். முதிர்ச்சியாவது மண்ணாவது. மேலே ஒரு பெண் தூங்குகிறார்.

போன வாரம் அந்த ஆல்பத்தின் முதல் பாட்டை மட்டும் முன்கூட்டி வெளியிட்டோம். சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் காதில் இயர்போனோடு என் வாசலில் நின்றார்.

"என்னண்ணா, டிரம்ஸையே காணோம்? கேட்டா தூக்கம் தூக்கமா வருது."

ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டார்.